வாசகரின் நேரம்: எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற உரைநடைக்காரர்

தமிழ்நாட்டில் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் ஒரு பரீட்சை விடை. நூலகவியல் படித்த யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பது முதலாவது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவது. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது. எழுதிவிட்டால் மதிப்பெண், அப்புறம் மறந்துவிடலாம்.

இந்த ஐந்து வரிகளுக்குப் பின்னால் நானூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் இருக்கிறது. 1931-ல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம். அதைப் பாடநூலாக அல்லாமல் ஓர் உரைநடைப் படைப்பாக எடுத்து வாசித்தவர்கள் குறைவு. நூலகரும் எழுத்தாளருமாக இருந்தவர்கள் என்று பேச்சு வந்தால் நமக்கு உடனே போர்ஹெஸ் ஞாபகம் வருகிறார். கொஞ்சம் ஆங்கிலக் கவிதை வாசிப்பவர்களுக்கு ஹல் பல்கலைக்கழக நூலகத்தில் முப்பது வருஷம் இருந்த பிலிப் லார்கின் வருவார். சீர்காழிக்காரர் வருவதில்லை. அவர் கதையோ கவிதையோ எழுதவில்லை என்பது ஒரு காரணம். அவர் எழுதியதை இலக்கிய வாசகர்கள் வாசிக்கத் தேவையில்லை என்று நாமே முடிவுகட்டியது இன்னொரு காரணம்.

சொற்களைப் பற்றி, அவற்றை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்பதைப் பற்றி, ரங்கநாதன் யோசித்த அளவுக்கு நம் எழுத்தாளர்களிலேயே சிலர்தான் யோசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர் யோசித்தது எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் உதவும். அதே நேரம், அவரே அதைக் கடைசிவரை கடைப்பிடிக்க முடியாமல் போனார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை எழுத்தாளராக மதிப்பிட முடியும்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1892-ல் பிறந்தவர். கணிதம் படித்தவர், கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே சலிப்பு தட்டிவிட்டது. ஆட்கள் வராத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிறை மாதிரி இருந்திருக்கிறது. மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுப் போனவரை, முதலில் இங்கிலாந்து போய் நூலக வேலையைப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். லண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகரிடம் படித்தார், பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925-ல் திரும்பி வந்தவர் அதற்கப்புறம் வகுப்பறைக் கணிதத்துக்குத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று கணிதமேதை ராமானுஜனைப் பற்றியது, 1967-ல் வந்தது.

இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு விதிகளின் புத்தகத்தைத் திறப்பவர் ஒரு கணிதக்காரரின் நிரூபணத்தை எதிர்பார்ப்பார். விதி, அதிலிருந்து கிளைவிதி, அதிலிருந்து நடைமுறை என்று வரிசையாகப் போகும் என்று நினைப்பார். கட்டமைப்பு ஓரளவு அப்படித்தான். ஆனால் பக்கங்களில் நடப்பது வேறு. விதிகள் அங்கே பாத்திரங்கள். அவற்றுக்குப் பொறுமை இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. ஒன்று தளர்ந்தால் இன்னொன்று துணைக்கு வருகிறது. முதல் விதி திருப்தியாகிவிட்ட இடத்தில் இரண்டாவது விதி போதாது என்று நிற்கிறது. இரண்டாவது விதிக்கென்று ஒதுக்கப்பட்ட ஓர் அத்தியாயத்தின் தலைப்பிலேயே திக்விஜயம் என்ற சொல் வருகிறது. ஆங்கிலப் புத்தகத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது, மொழிபெயர்க்கப்படாமல். புராணத்தில் அரசன் எட்டுத் திக்கும் வெல்லப் புறப்படுவதுபோல, எல்லோருக்கும் புத்தகம் என்ற விதி நாடு நாடாகப் போகிறது. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் என்று அது போகும் வழியெல்லாம் பொது நூலகங்கள் எழுகின்றன. கடைசியில் இந்தியாவுக்கு வருகிறது.

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த உத்தி என்ன வேலை செய்கிறது என்று கவனித்தால் ரங்கநாதனின் திறமை புரியும். நாடுவாரியாகப் பொது நூலக நிலவரம் என்பது உலகத்திலேயே உலர்ந்த விஷயங்களில் ஒன்று. அதை அறிக்கையாக எழுதியிருந்தால் பத்துப் பக்கத்துக்குமேல் யாரும் தாண்டமாட்டார்கள். பயணம் என்ற கதைவடிவத்தை எடுத்துக்கொண்டதும் வாசகருக்கு ஒரு கேள்வி பிறக்கிறது: அடுத்த ஊரில் இந்த விதிக்கு என்ன வரவேற்பு கிடைக்கும்? நம் ஊரில் என்ன ஆகும்? உரைநடையில் இழுவிசை என்று நாம் சொல்வது இதைத்தான். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த மனிதர் அவர். எங்கே கதை சொல்லவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவர் காதில் இருந்திருக்கிறது.

விதியைப் பாத்திரமாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. எழுதுகிறவர் தன்னைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்குங்கள், நூலகருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள் என்று ஒரு பல்கலைக்கழக நூலகர் தன் பெயரில் கேட்டால் அது விண்ணப்பம். விதி வந்து கேட்டால் அது நியாயம். 1931-ல், காலனி அரசாங்கத்தின் காலத்தில், ஓர் அலுவலர் எழுதிய புத்தகம் இது என்பதை மறக்கக்கூடாது. பெண்கள், கிராமத்துக்காரர்கள், நோயாளிகள், கைதிகள், பார்வையற்றவர்கள் என்று ஒவ்வொரு தரப்பையும் எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு ஏன் புத்தகம் இல்லை என்று அந்த இரண்டாவது விதி கேட்கிறது. குரலை உயர்த்தாமல் கேட்கிறது. அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது, அதில் ரங்கநாதனின் பங்கு பெரியது. உரைநடை சட்டமாகவும் வண்டிச் சக்கரமாகவும் மாறுவதை இப்படிக் கண்முன்னால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

சரி, இதெல்லாம் நடை. சொல்லைப் பற்றி அவர் என்ன யோசித்தார்?

இதற்கு 1937-ல் வந்த அவருடைய நூற்பகுப்புக் கோட்பாட்டு நூலுக்குப் போகவேண்டும். புத்தகங்களை வகைப்படுத்துகிறவர் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வைக்கவேண்டும். அந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ரங்கநாதன் நான்கு நெறிகள் சொல்கிறார். என் வசதிக்கு அவற்றைச் சூழல், உள்ளடக்கம், நடப்பு, அடக்கம் என்று தமிழில் வைத்துக்கொள்கிறேன். விளக்கத்துக்கான உதாரணங்கள் பெரும்பாலும் என்னுடையவை, ஏனென்றால் நமக்கு நம் மொழியில்தான் இது உறைக்கும்.

சூழல் நெறி: ஒரு சொல்லின் பொருளை அது எந்தத் தலைப்புக்குக் கீழே நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ‘படி’ என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால் என்ன அர்த்தம்? வீட்டு வாசலா, அரிசி அளப்பதா, நகலா, சம்பளத்தோடு வரும் தொகையா, இல்லை உட்கார்ந்து படி என்ற அதட்டலா? தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல் பேசும். உள்ளடக்க நெறி இதற்கு மறுபக்கம்: ஒரு சொல்லுக்குக் கீழே எதையெல்லாம் அடுக்குகிறோமோ அதுவே அந்தச் சொல்லின் பொருள். ‘நவீனத் தமிழ் இலக்கியம்’ என்று ஒரு தலைப்பு போடுகிறோம். அதற்குக் கீழே துப்பறியும் நாவல் உண்டா? மேடை நாடகம்? தன்வரலாறு? திரைப்பாடல்? எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதிலிருந்துதான் நாம் ‘இலக்கியம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பது வெளியே தெரியும். க.நா.சு. போட்ட பட்டியல்களைப் பற்றி நாம் இத்தனை காலமாகச் சண்டை போடுகிறோமே, அது ஏன் என்று இந்த ஒரு நெறி சொல்லிவிடுகிறது. பட்டியல் போடுகிறவர் வரையறை எழுதுகிறார். ‘சிறந்த பத்து’ என்று போகிற போக்கில் ஒரு பதிவு போடுபவரும் அதையேதான் செய்கிறார், தெரியாமல்.

நடப்பு நெறி: அந்தந்தக் காலத்தில் புழங்கும் சொல்லைப் பயன்படுத்து. பொருளாதாரத்தை ஒருகாலத்தில் ஆங்கிலத்தில் ‘பொலிட்டிகல் எகானமி’ என்றார்கள். வழக்கு மாறினால் நூலகத்தின் சீட்டும் மாறவேண்டும். பழைய சொல் அழகாக இருக்கிறது, வேர் சுத்தமாக இருக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. தேடி வருகிறவர் எந்தச் சொல்லோடு வருகிறாரோ அந்தச் சொல்லுக்கு நூலகம் பதில் சொல்லவேண்டும். புத்தகசாலை, வாசகசாலை, நூல்நிலையம், நூலகம், லைப்ரரி என்று ஒரு இடத்துக்கே நமக்கு இத்தனை பெயர் இருந்திருக்கிறது. எதுவும் பிழையில்லை. ஒவ்வொன்றுக்கும் அதைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஆள் இருந்தார். தூய்மைக்கும் வழக்குக்கும் இடையிலான நம் பழைய தகராறில் ரங்கநாதன் எந்தப் பக்கம் என்று கேட்டால், தேடி வருகிற ஆளின் பக்கம் என்பதுதான் பதில்.

நான்காவதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. அடக்க நெறி: வகைக்கு வைக்கும் பெயரில் வகைப்படுத்துகிறவரின் அபிப்பிராயம் தெரியக்கூடாது. டூயி தசமப் பகுப்பில் சில எழுத்தாளர்களை மட்டும் பெயர்சொல்லி நிறுத்திவிட்டு மற்றவர்களை ‘மைனர்’ என்ற தலைப்பில் கூட்டமாகப் போட்டது இந்த நெறியை மீறுவதற்கு நூலகவியல் வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம். அந்த எழுத்தாளரைத் தேடி வருகிற வாசகரிடம், நீ தேடுகிறவர் சின்ன ஆள் என்று அலமாரியே சொல்கிறது. எழுதியவருக்கு அவமானம் என்பதைவிட, வாசகர் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை.

இதெல்லாம் நூலகருக்குச் சரி, விமர்சகருக்கு எப்படிப் பொருந்தும்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. தீர்ப்பு சொல்வதுதானே விமர்சகரின் வேலை? அபிப்பிராயத்தை அடக்கிக்கொண்டு எழுதினால் அது விமர்சனமா, கேட்டலாகா? உண்மைதான். ஆனால் ரங்கநாதனின் நெறி தீர்ப்பைத் தடுக்கவில்லை. தீர்ப்பு பெயருக்குள் ஒளிந்துகொள்வதைத்தான் தடுக்கிறது. இந்த வித்தியாசம் நமக்கு ரொம்ப அவசியம். இணையத்தில் வருகிற நம் மதிப்புரைகளைப் பாருங்கள். ‘மகத்தான’, ‘முக்கியமான’, ‘தவிர்க்க முடியாத’ என்ற சொற்கள் நாவலின் பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இல்லையென்றால் ‘வெகுஜன’, ‘முற்போக்கு’, ‘பின்நவீனத்துவ’ என்று வகைப்பெயர் மாதிரி ஒன்று வரும். எழுதுகிறவருக்கும் அவர் வட்டத்துக்கும் மட்டும் அது பாராட்டா திட்டா என்று தெரியும். அடைமொழி வாதம் செய்வதில்லை. அது முடிவை மட்டும் நீட்டுகிறது. ஒரு நாவல் முக்கியமானது என்று தோன்றினால், பெயரை வெறும் பெயராக வைத்துவிட்டு, ஏன் முக்கியம் என்று இரண்டு பத்தி எழுதுவது நேர்மை. வகைப்பெயரில் அடக்கம், வாதத்தில் வெளிப்படை. இந்தப் பழக்கம் வந்தாலே நம் விமர்சனக் கட்டுரைகளில் பாதிச் சச்சரவு குறையும். மீதிப் பாதி நல்ல சச்சரவாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன மனிதர் தன் பிற்கால எழுத்தில் என்ன செய்தார் என்பதையும் பார்க்கவேண்டும்.

1933-ல் அவருடைய கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைக் கட்டுமானப் பெட்டியைப் பார்த்தபோது அதற்கான பொறி கிடைத்தது என்பது அவரே சொன்ன கதை. சில துண்டுகள், திருகாணிகள். அவற்றை வைத்து எத்தனையோ உருவங்களைக் கட்டலாம். டூயி முறையில் தலைப்புகளை முன்கூட்டியே அடுக்கி எண் கொடுத்து வைத்திருப்பார்கள். ரங்கநாதன் துண்டுகளை மட்டும் கொடுத்தார். 1950-ல் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி நடந்த ஆராய்ச்சி என்று ஒரு புத்தகம் வந்தால், மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என்று துண்டு துண்டாகச் சேர்த்து ஓர் எண் கட்டலாம். வேர்ச்சொல்லோடு ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும் தமிழ்ச் சொல்லமைப்புக்குப் பழகியவர்களுக்கு இதில் ஓர் உறவு தெரியும். இதை நான் அழகு என்றே சொல்வேன். ஒரு பொருளைப் பற்றி எத்தனை கோணத்தில் கேட்கலாம் என்பதற்கு இலக்கணம் எழுதிய மாதிரி.

பிரச்சினை அதை விளக்கிய உரைநடையில். வருஷங்கள் போகப்போக அவருடைய புத்தகங்களில் பத்திகள் தசம எண்களோடு துண்டுதுண்டாக நிற்க ஆரம்பித்தன. பழைய சொற்களுக்குப் புதுப் பொருள், புதுப் பொருளுக்கு இன்னும் புதுச் சொல் என்று கலைச்சொற்கள் பெருகின. சிலது அற்புதம். அலமாரியில் ஒரு பொருளுக்கு நேர் உரிய புத்தகங்கள் நடுவிலும், ஓரளவு தொடர்புள்ளவை இரு பக்கத்திலும், தொடர்பற்றவை அதற்கு அப்பாலும் நிற்பதைச் சொல்ல அவர் நிழலைத் துணைக்கு அழைத்தார். கிரகணத்தில் கருநிழல், புறநிழல் என்று சொல்வோமே, அதை. அந்த வரிசையின் முதலெழுத்துகளைக் கோத்து ‘அபுபா’ என்று ஒரு சொல் செய்தார். சொல்லிப் பார்த்தால் குழந்தை உளறுவதுபோல இருக்கும், ஆனால் படம் மனதில் நின்றுவிடும். மற்ற பல சொற்கள் அப்படியில்லை. ஒரு பொருளின் ஐந்து அடிப்படைக் கூறுகளில் முதன்மையானதுக்கு அவர் ‘ஆளுமை’ என்று பெயர் வைத்தார். அது என்ன என்பதைச் சுலபமாக வரையறுக்க அவருக்கே முடியவில்லை. மற்ற நான்கையும் கழித்துவிட்டு மிஞ்சுவது அது என்கிற அளவில்தான் விளக்கம் நிற்கிறது. நடப்புச் சொல்லைப் பயன்படுத்து என்று சொன்னவர், வேறு யாருக்கும் நடப்பில் இல்லாத ஒரு மொழியைத் தனக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி ஆயிற்று? துறை வளரும்போது துல்லியமான சொற்கள் தேவைப்படும், அது நியாயம் என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. 1931 புத்தகத்தில் அவர் எதிரே ஒரு ஆள் இருந்தார். பணம் ஒதுக்க மறுக்கும் அதிகாரி, புத்தகம் எனக்கெதற்கு என்று நினைக்கும் விவசாயி, வாசலில் தயங்கி நிற்கும் மாணவர். அவர்களைச் சம்மதிக்க வைக்கவேண்டிய அவசரம் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறது. அதனால்தான் விதிகள் பேசின, பயணம் போயின. பிற்காலத்தில் அவர் எதிரே இருந்தவர்கள் ஏற்கனவே சம்மதித்தவர்கள். மாணவர்கள், துறைக்காரர்கள். சம்மதித்தவர்களிடம் பேசும்போது எந்த எழுத்தாளருக்கும் சொல் தடித்துவிடும். கோட்பாட்டை மையமாக வைத்து எழுதும் நம் குழுக்களில், நம் சிற்றிதழ்களில், இது நடந்திருக்கிறது. எதிரில் இருந்த அந்நியர் எழுந்து போனதும் நடை தனக்குத்தானே பேச ஆரம்பிக்கும். சொற்கள் மேல் உள்ள பிரியமே சில சமயம் இதற்குத் துணைபோகும்.

கடைசியாக, நான்காவது விதி. வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிப்பது. இந்த விதியைக் கேட்டதும் இலக்கிய வாசகருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஐந்து நிமிடத்தில் நாவல் சுருக்கம் சொல்லும் காணொளிகளும் அதைத்தானே செய்கின்றன? மெதுவாக வாசிக்கச் சொல்லும் கலைக்கு இந்த விதி எதிரி இல்லையா?

ரங்கநாதன் அந்த அத்தியாயத்தில் செய்வதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். வாசகர் நூலகத்துக்குள் நுழைவதிலிருந்து வெளியே போவதுவரை ஒவ்வொரு அடியாகப் பின்தொடர்கிறார். புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கும் நூலகத்தில் கேட்டலாகைப் புரட்டி, சீட்டு எழுதிக் கொடுத்து, ஆள் உள்ளே போய்த் தேடி வரும்வரை காத்திருந்து, அது வேறு புத்தகம் என்று தெரிந்தால் மறுபடி சீட்டு எழுதவேண்டும். இந்த நேரத்தைத்தான் அவர் மிச்சம்பிடிக்கச் சொன்னார். தேடும் நேரம். வாசிக்கும் நேரத்தை அவர் தொடவே இல்லை. தேடுவது குறைந்தால் வாசிப்பதற்கு அதிகம் இருக்கும், அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் புத்தகம் வந்து பத்து வருஷம் கழித்து, 1941-ல், போர்ஹெஸ் ‘பாபேல் நூலகம்’ கதையை எழுதினார். அப்போது அவர் பியூனஸ் அயர்ஸில் ஒரு நகராட்சி நூலகத்தில் சாதாரண ஊழியர். எழுதப்படக்கூடிய எல்லாப் புத்தகங்களும் அந்தக் கதையின் நூலகத்தில் இருக்கின்றன. யாருக்கும் அவரவர் புத்தகம் கிடைப்பதில்லை. தேடித்தேடியே ஆயுள் முடிகிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நூலகர்கள் ஒரே பயத்தை இரண்டு முனையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். போர்ஹெஸ் அந்தப் பயத்தை உச்சம்வரை கொண்டுபோய்க் கலையாக்கினார். ரங்கநாதன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மருந்து தேடினார். இன்றைக்குத் தமிழில் மட்டுமே ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதப்படுகிறது என்று யோசித்தால் இருவரும் நமக்குத் தேவை என்று தோன்றுகிறது.

எழுதுகிறவர்களுக்கு நான்காவது விதி தரும் பாடமும் இதே பிரிவினையில்தான் இருக்கிறது. கடினமான வாக்கியம் இரண்டு வகை. விஷயமே கடினம் என்பதால் வாசகரை நிற்க வைக்கும் வாக்கியம் ஒன்று. அங்கே நிற்பது வாசிப்பு. எழுதுகிறவர் தன் மேஜையைச் சுத்தம் செய்யாததால் வாசகர் தடுக்கி விழும் வாக்கியம் இன்னொன்று. அங்கே ஆகும் நேரம் தேடும் நேரம், அது திருட்டு. திருத்தி எழுதுவது என்றால் இரண்டாவது வகையை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எடுப்பதுதான்.

ரங்கநாதனை வாசிக்க விரும்புகிறவர்கள் பகுப்பு நூல்களில் தொடங்கவேண்டாம். 1931 புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் போய்ப் பாருங்கள். புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் கட்டிவைத்த காலத்தில் ஆரம்பித்து, நூலகம் எங்கே இருக்கவேண்டும், எப்போது திறந்திருக்கவேண்டும், நாற்காலி மேஜை எப்படி இருக்கவேண்டும் என்று இறங்கி வருவார். அலமாரியின் உயரம்வரை வருவார். சராசரி உயரமுள்ள ஒருவர், ஏணியோ ஸ்டூலோ இல்லாமல், வெறும் தரையில் நின்று கையை நீட்டினால் மேல்தட்டில் இருக்கிற புத்தகம் எட்டவேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்குமேல் ஒரு தட்டு வைத்தால் இன்னும் நிறையப் புத்தகம் அடுக்கலாம்தான். அவர் வைக்கச் சொல்லவில்லை.